மிச்சம் இருந்தா நமக்கு

(முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் நெறியாளர்களுக்குமான பயிலரங்கு ஒன்றின் தொடக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆய்வுக்குள் அண்மையில் காலெடுத்து வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, இன்றைய பேச்சு உங்களுக்கானது. உங்கள் நெறியாளர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் என் அறைக் கதவைத் தட்டுவார். உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்காருவார். கையில் ஒரு பென்டிரைவ் இருக்கும். "மேடம், இருபத்திரண்டு இன்டர்வியூ முடிச்சிட்டேன். எல்லாத்தையும் டைப் பண்ணியாச்சு. நானூறு பக்கம் வந்திருக்கு. இனிமே என்ன பண்றதுன்னு தெரியல." ஊர் ஊராகப் பஸ் மாறி அலைந்தபோது அவரிடம் இந்தக் கலக்கம் இருந்ததில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசினார். பேசியவர்கள் மோர் கொடுத்தார்கள், சிலர் அழுதார்கள். அவ்வளவும் இப்போது நானூறு பக்கமாகக் குவிந்து கிடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்று எவரும் அவருக்குக் காட்டித் தரவில்லை.

எண்களை வைத்து ஆய்வு செய்பவருக்கு இப்படி ஆவதில்லை. எந்தச் சோதனையை எப்போது போடுவது என்று வகுப்பில் கணக்குப் போட்டுப் பழகியிருப்பார். தவறினால் விடை தவறும், தவறியது தெரியும். பண்புசார் ஆய்வுக்கு வந்த மாணவரிடம் நாம் என்ன சொல்கிறோம்? திரும்பத் திரும்பப் படியுங்கள், கருப்பொருள்கள் தானாக வெளிப்படும் என்கிறோம். நீச்சல் தெரியாதவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், இறங்கினால் மிதப்பீர்கள் என்று சொல்வது போன்றது இது. முறையியல் தாளில் அறிவுத்தோற்றவியல் இருக்கிறது, மெய்ம்மை பற்றிய கோட்பாடுகள் இருக்கின்றன, ஐந்து அணுகுமுறைகளுக்கிடையே வேறுபாடு எழுதச் சொல்லும் பதினைந்து மதிப்பெண் வினாவும் இருக்கிறது. ஒரு பெண்மணி பேசிய ஐந்து வரியை மேசையில் வைத்து, இதை எப்படிப் படிப்பது என்று ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து உட்காரும் ஒரு மணி நேரம் மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை. பகுப்பாய்வு கைத்தொழில். தறியைப் போல, நாதசுரத்தைப் போல, தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டியது. தெரிந்தவரும் தன் கையை மறைக்காமல் காட்ட வேண்டியது. நான் சொல்ல வந்தது இதுதான்.

இத்துறையின் முன்னோடிகள் சிலரே அப்படித்தான் கற்பித்தார்கள். ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற சமூகவியலாளர் 1960இல் சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் செவிலியர் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். பார்னி கிளேசர் என்ற இளையவரையும், செவிலியரான ஜீன் குவின்ட்டையும் சேர்த்துக்கொண்டு, அந்த வட்டாரத்து மருத்துவமனைகளில் சாகக்கிடப்பவர்களைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்த்தார். 1965இல் கிளேசரும் ஸ்ட்ராஸும் எழுதிய நூல் வந்தது. சாவு வரப்போவது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, தெரிந்தவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்து நான்கு நிலைகளை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். நோயாளிக்கு மட்டும் தெரியாத நிலை. அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்ட நிலை. நோயாளிக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும், ஆனால் எல்லோரும் தெரியாததுபோல் நடக்கும் நிலை. ஒளிவு மறைவின்றிப் பேசிக்கொள்ளும் நிலை.

அந்த மூன்றாவது நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று மகன் மருத்துவரின் கையைப் பிடித்துக்கொள்வதை நம் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் பார்க்காதவர் உண்டா? அப்பாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். மகன் கலங்கக் கூடாதே என்று அவரும் தை மாதத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இதற்கு "உண்மையை மறைத்தல்" என்று தலைப்புக் கொடுத்தால் பாதியைத்தான் பிடித்தோம். இரு பக்கமும் சேர்ந்து நடத்தும் ஒரு பாவனை அது. அதைக் கலையாமல் காக்க இருவருமே பாடுபடுகிறார்கள் என்று காண்பதுதான் பகுப்பாய்வு. ஒரு நல்ல கருத்தாக்கம் கிடைத்தால், நாம் பலமுறை பார்த்த ஒன்று முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் வெளியிட்ட முறைநூலைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். என் மனத்துக்கு நெருக்கமானது வேறொன்று. ஸ்ட்ராஸ் 1987இல் தனியே ஒரு நூல் எழுதினார். தம் கருத்தரங்க வகுப்பில் மாணவர்களும் தாமும் தரவை வைத்துக்கொண்டு பேசிய பேச்சை அப்படியே அதில் அச்சிட்டார். மாணவர் ஒன்று சொல்கிறார், ஆசிரியர் இடைமறிக்கிறார், இன்னொருவர் வேறு வழி காட்டுகிறார், பேச்சு ஒரு சிறு துண்டைவிட்டு நகராமல் அங்கேயே சுற்றுகிறது. தொழில் கற்பிக்கப்படும் அறையின் கதவைத் திறந்துவைத்த புத்தகம் அது. முடிந்த நெறிமுறைகளை மட்டும் சொல்லியிருந்தால் நூல் பார்க்க இன்னும் அழகாக இருந்திருக்கும். கற்பவருக்கு இவ்வளவு பயன்பட்டிருக்காது.

நாமும் அந்த மேசையில் இப்போது உட்காருவோம். ஒரு சிறு பேச்சை வாசிக்கிறேன். பயிற்சிக்காக நான் எழுதி வைத்துக்கொண்டது. எந்தத் தனி மனிதர் பேசியதும் அன்று. நீரிழிவு கண்ட ஒரு கிராமத்துப் பெண்மணி பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"சர்க்கரைன்னு சொல்லிட்டாங்க. மாத்திரை குடுத்தாங்க, வாங்கி வச்சிருக்கேன். டாக்டரம்மா அரிசியக் கொறைன்னாங்க. வீட்டுல ரேசன் அரிசிதான். காலையில புள்ளைங்களுக்குக் கட்டிக்குடுத்து, இவருக்கு வச்சு, மாமியாருக்குப் போட்டு, மிச்சம் இருந்தா நமக்கு. இதுல என்னத்தக் கொறைக்கிறது? இவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. நாமளாப் பாத்து நடந்துக்க வேண்டியதுதான்."

பயிலரங்கில் இதைக் கொடுத்துக் குறியிடுங்கள் என்றால், அதாவது நீங்கள் கோடிங் என்று சொல்வதைச் செய்யுங்கள் என்றால், பத்து நிமிடத்தில் ஓரத்தில் மூன்று சொற்கள் எழுதப்பட்டிருக்கும். வறுமை. விழிப்புணர்வின்மை. ஆணாதிக்கம். மூன்றும் பொய்யல்ல. ஆனால் இந்த மூன்றும் அந்தப் பெண்மணி வாய் திறக்கும் முன்பே உங்களிடம் இருந்தவை. அவர் பேசாமலே இருந்திருந்தாலும் இதையே எழுதியிருப்பீர்கள். அப்படியானால் அவரைத் தேடிப் போய் ஒரு மணி நேரம் அவர் வேலையைக் கெடுத்தது எதற்காக?

இதைச் சொல்லி மாணவரைக் குட்ட வேண்டாம் என்று நெறியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் வருவது அப்படித்தான் வரும். அந்த மூன்று சொல்லையும் ஒரு தாளில் எழுதி ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். பிறகு வினைச்சொற்களின் கீழ் மட்டும் கோடு போடச் சொல்லுங்கள்.

சொல்லிட்டாங்க, குடுத்தாங்க, கொறைன்னாங்க. நோயைப் பற்றிய வினையெல்லாம் பிறர் செய்தவை. அவர் செய்தது ஒன்றுதான்: வாங்கி வச்சிருக்கேன். சாப்பிடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. மாத்திரை வீட்டில் எங்கோ இருக்கிறது. அது உள்ளே போகிறதா என்று நமக்கு இன்னும் தெரியாது. அடுத்த சந்திப்பில் பக்குவமாகக் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது.

அடுத்து சாப்பாடு. பிள்ளைகளுக்குக் கட்டிக்குடுத்து, கணவருக்கு வச்சு, மாமியாருக்குப் போட்டு. மூவருக்கு மூன்று வினைகள். டிபன் பாக்ஸில் கட்டுவது, எடுத்து வைப்பது, இலையிலோ தட்டிலோ போடுவது. அந்த வீட்டின் காலைப்பொழுது முழுவதும் இந்த மூன்று வினைக்குள் இருக்கிறது. இப்போது நான்காவது ஆளுக்கு வாருங்கள். மிச்சம் இருந்தா நமக்கு. வினை எங்கே? இல்லை. தனக்கென்று வரும்போது அவர் செய்யும் வினையே வாக்கியத்தில் இல்லை; "இருந்தா" என்பதும் மிச்சத்தின் வினைதான். வைப்பதும் போடுவதும் அவருக்கு நடப்பதில்லை.

பயிலரங்கில் இந்த இடம் வரும்போது அறை சற்று அமைதியாகும். அந்த அமைதிக்காகத்தான் நான் இத்தொழிலில் இத்தனை ஆண்டு இருக்கிறேன். ஆனால் உடனே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுவேன். இது ஒரு வாக்கியம். பேச்சுத்தமிழில் வினையை விட்டுவிட்டுப் பேசுவது எல்லோருக்கும் வழக்கம். இதை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்ப் பெண்களின் தன்னிலை பற்றி ஓர் அத்தியாயம் எழுதக் கிளம்பினால் அது கற்பனை. மற்ற நேர்காணல்களுக்குப் போங்கள். சாப்பாடு பற்றி வரும் இடங்களையெல்லாம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தனக்கு ஆகும்போது வினையோடு பேசுகிறவர் யார்? தனித்து வாழ்பவரா, சம்பளம் வாங்குபவரா, மருமகள் வந்துவிட்டவரா? இப்படி ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் ஒரு உள்ளுணர்வு கண்டுபிடிப்பாக உறுதிப்படும், அல்லது கைவிடப்படும். கைவிடுவதும் பகுப்பாய்வுதான்.

கேத்தி சார்மாஸ் என்ற சமூகவியலாளர், கிளேசரிடமும் ஸ்ட்ராஸிடமும் பயின்றவர், 2006இல் எழுதிய நூலில் தொடக்க மாணவர்களுக்கு ஒரு நல்ல பழக்கத்தைச் சொல்கிறார். ஓரத்தில் எழுதும் குறிகளை முடிந்தவரை செயலைக் குறிக்கும் சொற்களாக எழுதுங்கள், மனிதரை ஒரு வகைக்குள் அடைக்கும் பெயர்ச்சொற்களாக வேண்டாம் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் இதைப் பழக மாணவர்கள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கோ தொழிற்பெயர் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தரப்பட்டது. தல் விகுதியைச் சேர்த்தால் போதும். வாங்கி வைத்தல். எல்லோருக்கும் ஆனபின் தன்னை எண்ணுதல். குறைக்க எதுவுமில்லை என்று கணக்குக் காட்டுதல். கேட்கப்படாமலே பொறுப்பேற்றல். இந்த நான்கையும் வறுமை, விழிப்புணர்வின்மை, ஆணாதிக்கம் என்ற மூன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னவற்றில் ஒரு மனுஷி இருக்கிறார். கணக்குத் தெரிந்தவர் அவர். மருத்துவரின் அறிவுரை தன் அடுப்படிக்குப் பொருந்தாது என்று காரணத்தோடு சொல்லியிருக்கிறார். அதை விழிப்புணர்வின்மை என்று எழுதியிருந்தால் அவருக்கு அநியாயம் செய்திருப்போம்.

இங்கே மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் மாணவர்களில் பெரும்பாலோர் தமிழில் கேட்டு, தமிழில் பதிவு செய்து, ஆங்கிலத்தில் எழுதிவைத்து, அந்த ஆங்கிலத்தைப் பகுத்தாய்கிறார்கள். ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே நேரே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்கிறவர்களும் உண்டு. நேரம் மிச்சம் என்கிறார்கள். நானும் என் ஆய்வுக் காலத்தில் அதைத்தான் செய்தேன். மகள்களை நூற்பாலை வேலைக்கு அனுப்பிய தாய்மார்களிடம் பேசி, எல்லாவற்றையும் ஆங்கிலமாக்கி, அதை வைத்தே எழுதி முடித்தேன். பல ஆண்டுகள் கழித்து, வகுப்பில் போட்டுக் காட்டுவதற்காகப் பழைய கேசட் ஒன்றை எடுத்துக் கேட்டேன். ஒரு தாய் "மில்லுக்கு அனுப்பிட்டேன்" என்றார். இன்னொருவர் "மில்லுக்கு அனுப்பி வச்சேன்" என்றார். என் ஆய்வேட்டில் இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லாக இருந்தது.

அனுப்பிவிடுவதும் அனுப்பி வைப்பதும் ஒன்றா? மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம். பெட்டி கட்டி, நெற்றியில் பூசி, தெருமுனை வரை போய் நின்று. அந்தச் சொல்லைத்தான் அந்தத் தாய் ஆலைப் பேருந்துக்குப் பயன்படுத்தினார். மகளின் கல்யாணச் செலவுக்காக மகளே வேலைக்குப் போகும் வீட்டில், ஒரு பயணம் இன்னொரு பயணத்தின் சாயலை எடுத்துக்கொண்டுவிட்டது. என் முதல் ஆய்வின் மிக முக்கியமான செய்தி அதுவாக இருந்திருக்கலாம். அது என் காதில் விழுந்தது, தாளில் ஏறவில்லை. அந்தத் தாயிடம் திரும்பப் போய்க் கேட்க அப்போது வழியில்லை.

தமிழில் துணைவினைகள் செய்யும் வேலையை எவ்வளவு சொன்னாலும் தகும். வாங்கினேன், வாங்கிட்டேன், வாங்கிக்கிட்டேன், வாங்கிப் போட்டேன், வாங்கி வச்சேன், வாங்கித் தொலைச்சேன். ஆறுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினை. தமிழ் கேட்கும் காதுக்கோ ஆறு மனநிலைகள். நாம் என்பதும் நாங்கள் என்பதும் அப்படியே. கேட்பவரை உள்ளே சேர்த்துக்கொண்டு பேசுகிறாரா, வெளியே நிறுத்திப் பேசுகிறாரா என்பது ஒரே எழுத்துக்கூட்டில் தெரிந்துவிடும். நம் பெண்மணி "எனக்கு" என்று சொல்லாமல் "நமக்கு" என்றாரே, அவர் எதிரே உட்கார்ந்திருந்த ஆய்வாளரும் ஒரு பெண் என்றால், அந்த நமக்குவில் அவரும் இருக்கிறாரா? "நீயும் ஒரு வீட்டில் மருமகள்தானே, உனக்குத் தெரியாதா" என்ற தொனி அதில் உண்டா? அல்லது தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர் ஒதுங்கிக்கொள்ளும் நமக்குவா? களத்தில் இருந்தவர்தான் விடை சொல்ல முடியும், அதுவும் அன்றிரவே குறிப்பு எழுதியிருந்தால்.

ஆகவே பேசிய மொழியிலேயே, பேசியபடியே எழுத்தில் இறக்குங்கள். இலக்கணத் தமிழாகத் திருத்தவும் வேண்டாம். "சொல்லிட்டாங்க"வைச் "சொல்லிவிட்டார்கள்" ஆக்காதீர்கள். குறியிடுவதும் தமிழிலேயே நடக்கட்டும். ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுத வேண்டியிருந்தால், மேற்கோளாக எடுக்கும் பகுதிகளை மட்டும் கடைசியில் மொழிபெயருங்கள். மொழிபெயர்ப்பில் எது விடுபட்டது என்பதையும் ஆய்வேட்டிலேயே எழுதுங்கள். ஆங்கிலம் மட்டுமே அறிந்த தேர்வாளருக்கு அதுவே அரிய செய்தியாக இருக்கும்.

வரிவரியாக நின்று படிப்பது நமக்குப் புதிதும் அன்று. ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லி, இன்னின்னவாறு உரைப்பாரும் உளர் என்று பிறர் கருத்தையும் எடுத்துவைத்து, ஏன் அதை ஏற்கவில்லை என்று காரணம் காட்டிய உரையாசிரியர்களின் வழி வந்தவர்கள் நாம். இலக்கண உரையும் நேர்காணல் பகுப்பாய்வும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொறுமை நம் வீட்டில் இருந்த பண்டம்.

உ.வே.சாமிநாதையர் கதை உங்களுக்குத் தெரியும். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தாதி, கலம்பகம், தலபுராணம் என்று அத்தனை படித்தவருக்கு அந்த நூல் புரியவில்லை. நச்சினார்க்கினியர் உரை கையில் இருந்தும் புரியவில்லை. காரணம், அது சமணர்களின் வாழ்விலிருந்து வந்த நூல். அவர் என்ன செய்தார்? கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிப்போய், அவர்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். கல்லூரியில் தமிழ்ப் புலவராக இருந்தவர், எனக்குத் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்று போய் நின்றார். 1887இல் பதிப்பு வந்தது. தொடக்க ஆய்வாளருக்கு இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை. உங்களில் பலர் உங்கள் ஊரையே, உங்கள் சாதியையே, உங்கள் தொழிலையே ஆராய்கிறீர்கள். எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். தெரிந்ததுபோல் இருப்பதுதான் இடர். "நாமளாப் பாத்து நடந்துக்க வேண்டியதுதான்" என்பதைக் கேட்டதும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பீர்கள். பார்த்து நடந்துகொள்வது என்றால் உங்கள் வீட்டில் என்னென்ன செய்வது, ஒரு நாளைச் சொல்லுங்களேன் என்று கேட்க, தெரியாதவராக உட்காரத் தெரிய வேண்டும்.

உரைமரபிலிருந்து ஓர் எச்சரிக்கையும் உண்டு. பத்துப்பாட்டுக்கு உரை எழுதும்போது நச்சினார்க்கினியர் எங்கோ இருக்கும் சொல்லை எடுத்து வேறெங்கோ இருக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் சொல்வார். பாட்டின் இயல்பான ஓட்டத்தை இது குலைக்கிறது என்று மறைமலையடிகள் கடுமையாக மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்பதைப் புலவர்கள் பேசட்டும். நாம் கவனிக்க வேண்டியது, வெட்டி ஒட்டுவதில் உள்ள இந்த ஆபத்து நமக்கும் உண்டு என்பது. ஐந்தாம் நேர்காணலின் ஒரு வரியையும் பதினேழாம் நேர்காணலின் ஒரு வரியையும் ஒரே தலைப்பின் கீழ் ஒட்டுகிறோம். ஒட்டும் முன் இரண்டும் அதனதன் இடத்தில் எந்தக் கேள்விக்கு விடையாக வந்தன என்று திரும்பிப் பாருங்கள்.

கருப்பொருள்கள் "வெளிப்பட்டன" என்று ஆய்வேட்டில் எழுதும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். நியூசிலாந்தின் வர்ஜீனியா பிரானும் இங்கிலாந்தின் விக்டோரியா கிளார்க்கும் 2006இல் எழுதிய கட்டுரையை உங்களில் பாதிப்பேர் மேற்கோள் காட்டுகிறீர்கள். ஆறு படிகளை அட்டவணையாகவும் போடுகிறீர்கள். அவர்கள் அதே கட்டுரையில் இந்தச் சொல்லை எதிர்த்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தரவுக்குள் ஒளிந்திருந்து தானே எழுந்து வருவதற்குக் கருப்பொருள் முளை அல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள், சேர்த்தீர்கள், பெயரிட்டீர்கள். அந்தப் பொறுப்பை ஏற்று எழுதுங்கள். இன்னொரு சிறு சோதனையும் சொல்கிறேன். உங்கள் தலைப்பு ஒரு வாக்கியமாக நிற்குமா என்று பாருங்கள். "உணவுப் பழக்கம்" என்பது அலமாரித் தட்டுக்கு ஒட்டும் சீட்டு. "அறிவுரை தட்டை எண்ணுகிறது, இவர்கள் பந்தியை எண்ணுகிறார்கள்" என்று எழுதினால், யாராவது அதை மறுக்க முடியும். மறுக்க முடிவதைத்தான் நாம் கண்டுபிடிப்பு என்கிறோம்.

மென்பொருள் பற்றிக் கேள்வி வரும் என்று தெரியும். என்விவோ, அட்லஸ் டிஐ எல்லாம் நல்ல அலமாரிகள். பல நூறு பக்கத்தில் ஒரு துண்டை நொடியில் எடுத்துத் தரும். முதல் மூன்று நேர்காணலைத் தாளில், பென்சிலால் செய்துவிட்டு அங்கே போங்கள். செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துத் தலைப்புகள் வாங்குவதைப் பற்றி இரண்டே சொல்கிறேன். உங்களை நம்பிப் பேசியவரின் சொற்களை அவர் ஒப்புதல் இல்லாமல் எங்கும் ஏற்றாதீர்கள். அடுத்தது, பழகும் காலத்தில் கையைக் கொடுத்துவிட்டால் கை வராது.

எத்தனை நேர்காணல் போதும் என்பதும் வழக்கமான கேள்வி. பன்னிரண்டு என்று ஒரு எண் உலவுகிறது. கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற மூவர் 2006இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் இரு நாடுகளில் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களில், புதிய குறிகளில் பெரும்பாலானவை முதல் 12க்குள் வந்துவிட்டன என்று அவர்கள் கண்டார்கள். ஒரே மாதிரியான குழு, ஒரே மாதிரியான கேள்விகள் என்ற நிலையில் கண்டது அது. உங்கள் ஆய்வுக்கு அந்த எண் எப்படிப் பொருந்தும் என்பதை உங்கள் தரவு சொல்ல வேண்டும். மேற்கோள் சொல்ல முடியாது.

இனி நினைவுக்குறிப்பு. குறியிடும்போது மனத்தில் ஓடியதைத் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம். மாணவர்கள் முதலில் கைவிடுவதும் இதைத்தான். மானிடவியலாளர் எம்.என்.சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். அதைத் தம் நூலில் இராம்புரா என்று அழைத்தார். களக்குறிப்புகளைப் பல ஆண்டுகள் ஒழுங்குபடுத்தி வகைப்படுத்தினார். 1970 ஏப்ரலில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைக்கப்பட்டது. வகைப்படுத்திய குறிப்புகளின் மூன்று படிகளும் எரிந்துபோயின. நினைவிலிருந்தே எழுதினார், 1976இல் வெளிவந்த அந்த நூல் இன்றும் இந்திய மானிடவியலின் பெரிய நூல்களில் ஒன்று. எரிந்தது நல்லதாயிற்று என்று சிலர் பேசுவதை நான் ஏற்பதில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பு எரிவது துயரம்தான். ஆனால் அத்தனை ஆண்டுகள் அந்தக் குறிப்புகளைப் படித்துப் படித்து, அடுக்கிக் கலைத்து, எழுதி வந்ததனால்தான் கிராமம் அவருக்குள் ஏறியிருந்தது. நினைவுக்குறிப்பு எழுதச் சொல்வது கோப்பு பெருக்குவதற்காக அல்ல. தரவு உங்களுக்குள் ஏறுவதற்காக. வேறொரு பாடமும் அதில் இருக்கிறது: படிகளை மூன்று இடங்களில் வையுங்கள்.

நெறியாளர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். முன்பு எம்ஃபில் என்ற ஓர் ஆண்டு இருந்தது. குறைகள் பல இருந்தாலும், ஒரு சிறிய ஆய்வைத் தொட்டு, தவறி, திருந்திப் பழக மாணவருக்கு அது இடம் கொடுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளோடு அந்தப் பட்டம் நின்றுவிட்டது. பட்ட மேற்படிப்பிலிருந்து நேரே முனைவர் பட்டத்துக்கு வருகிற மாணவர், பழகாத கையோடு பெரிய தறியில் உட்காருகிறார். பாடநெறிக்கென உள்ள குறைந்தது 12 மதிப்பலகில் இந்தப் பழக்கத்துக்கு இடமில்லை. அந்த இடத்தை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். வாரத்தில் ஒரு பிற்பகல், ஒரு மேசை, ஐந்தாறு மாணவர்கள், ஒரு பக்கம் பேச்சு. வேறு செலவில்லை. பேசியவரின் பெயரும் ஊரும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தாம் ஆய்ந்த தஞ்சைக் கிராமத்துக்கு ஸ்ரீபுரம் என்று மாற்றுப்பெயர் வைத்ததைப் போல, மேசைக்கு வரும் தாளிலேயே மாற்றுப்பெயர் இருக்கட்டும்.

அந்த மேசையில் உங்கள் சொந்தத் தரவையும் கொண்டுவந்து வையுங்கள். முடிந்த கட்டுரையைக் காட்டுவதால் மாணவர் கற்றுக்கொள்வது குறைவு. நீங்கள் முதலில் என்ன குறியிட்டீர்கள், எங்கே தவறினீர்கள், எந்தத் தலைப்பை ஆசையாக வளர்த்து ஆறு மாதம் கழித்துக் கைவிட்டீர்கள் என்று காட்டுங்கள். பத்திரிகையில் வந்த வடிவத்தை மட்டுமே பார்க்கும் மாணவர், எல்லோருக்கும் இது நேராக வருகிறது, தனக்கு மட்டும்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். பாதியில் விட்டுப் போனவர்களில் சிலர் என்னிடம் சொன்ன காரணம் இதுதான். அவர்களோடு, அவர்களிடம் பேசியவர்களின் சொற்களும் ஏதோ ஒரு பென்டிரைவில் கிடக்கின்றன.

மேசையில் இரண்டு மாணவர்கள் ஒரே வரியை வேறுவேறாகப் படித்தால், நடுவர் ஆகாதீர்கள். தாளில் எந்தச் சொல் உன்னை அப்படி நினைக்க வைத்தது என்று இருவரையும் கேளுங்கள். ஒருமுறை இதே பேச்சில் "இவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்ற வரிக்கு ஒரு மாணவி, கணவர் அக்கறையில்லாதவர் என்று குறியிட்டார். பக்கத்தில் இருந்த மாணவர், கணவர் தடுக்காத நல்ல மனிதர் என்று குறியிட்டார். முக்கால் மணி நேரம் பேசினார்கள். முடிவில் இருவருமே, இந்த வரியை வாங்கிய ஆய்வாளர் அங்கே நிறுத்தி "எதுக்குச் சொல்லமாட்டாரு?" என்று கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். அடுத்த வாரம் அவர்கள் எடுத்துவந்த நேர்காணல்களில் அப்படியான இடங்களில் அந்தக் கேள்வி இருந்தது.

பேச்சு போதும். பக்கத்து அறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் இருக்கிறது, இரண்டு வரிக்கு நடுவே எழுத இடம் விட்டு அச்சடித்தது. மடிக்கணினியை இங்கேயே வைத்துவிட்டுப் பென்சில் மட்டும் எடுத்து வாருங்கள். நெறியாளர்கள் தனி மேசையில் உட்கார வேண்டாம். ஒவ்வொரு மேசைக்கும் ஒருவராகப் பிரிந்து உட்காருங்கள். மாணவர்கள் பேசத் தொடங்குமுன் உங்கள் முதல் குறியை நீங்கள் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி நடுவில் வையுங்கள்.